பத்தாம் நாள் ஸ்கேன்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. லிஃப்ட்காரர்தான் என்கிறது ஒன்று. இல்லை, ரத்தம் எடுக்கிற பெண் என்கிறது இன்னொன்று. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷமாக, தினமும் நாற்பது பேரிடம், "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை அவள் மாமியாரையே அனுப்பியிருக்கிறார். அது பெரிய கதை, இப்போது வேண்டாம்.

வேலை சி.டி. ஸ்கேன் அறையில். கீழ்த்தளத்தில், நீண்ட நடைபாதையின் கடைசியில் இருக்கிறது அது. கனமான கதவு, உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு வளையம், அதற்குள் போய் வருகிற ஒடுக்கமான மேசை. பக்கத்து அறையில், ஈயக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் முன் அவள். மெஷின் சூடாகக் கூடாது என்று ஏசியை அணைப்பதே இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் மூச்சக்கா ஸ்வெட்டரோடு கேன்டீனுக்கு வருவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள், பாவம், காய்ச்சல்போல என்று தள்ளி உட்காருவார்கள்.

மெஷின் வாங்கியபோது அதற்குள்ளேயே ஒரு குரலும் வந்தது. தமிழ்தான். ஆனால் "சுவாசத்தை உள்ளிழுத்து நிறுத்தவும்" என்று அறிவிப்புப் பலகைக்கு வாய் முளைத்த மாதிரி பேசியது. படுத்திருந்தவர்கள், நமக்கில்லை என்று நினைத்துச் சும்மா கிடந்தார்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "உள்ள யாரோ பேசறாங்க" என்று புகாரே சொன்னார். அதற்குப் பிறகு அவள் குரலையே பதிவு செய்து போட்டுவிட்டார்கள். "மூச்சை நல்லா இழுங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே பிடிங்க." ஏழெட்டு விநாடி கழித்து, "இப்ப விடலாம்." கடைசி வார்த்தைக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிடும். அது சீஃப் உட்கார்ந்திருந்த நாற்காலி. சீஃப் என்றால் ஸ்கேன் பிரிவின் மூத்த டெக்னீஷியன். பதிவு முடியும்வரை அசையாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லியும் அசைந்தார். முப்பது வருஷமாக நோயாளிகளை அசையாதே, அசையாதே என்று அதட்டியவரின் லட்சணம் அது.

அவள் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். "நான் வெளிய எடுக்கறேன், இவ உள்ள எடுக்கறா. எங்ககிட்ட யாரும் எதையும் மறைக்க முடியாது" என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து அவரும் அந்த ஜோக்கை விடவில்லை, அவளும் சிரிக்காமல் இருந்ததில்லை. காலையில் அவர் கடை ஷட்டரைத் தூக்குவார், இவள் பஸ் பிடிப்பாள். சாயங்காலம் இருவரும் ஒரே சோபாவில் கால் நீட்டி, அன்றைக்குப் பார்த்த முகங்களையும் முதுகுகளையும் பற்றிப் பேசுவார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்கேன் அறைக்கு ஒரு ஹீட்டர் என்பாள்.

அந்த வருஷம் ஒரு வைரஸ் காய்ச்சல் ஊரைப் போட்டு ஆட்டியது. பலருக்கு நாலு நாள் இருமலோடு போயிற்று. சிலருக்கு மட்டும் நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்த அன்று ஒரு ஸ்கேன், ஐந்தாம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று எடுப்பார்கள். நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாக இருக்கும், உள்ளே காற்றுதானே. நோய் இறங்கினால் ஓரங்களில் வெள்ளையாக மூட்டம் போடும். குளிரில் கண்ணாடியில் ஊதினால் படியுமே, அந்த மாதிரி. மூட்டம் பரவிக் கெட்டியானால் நிலைமை மோசம். சுருங்கி மெல்லிய கோடுகளாக ஆனால் ஆள் தேறுகிறார். ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நோய் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியும்.

இதற்கு மார்க்கும் உண்டு. நுரையீரலில் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து, மொத்தம் இருபத்தைந்து. இந்தப் பரீட்சையில் குறைய வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர். இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "இருபத்தஞ்சுக்கு நாலுதானா? எங்கப்பா எல்லாத்துலயும் முதல் ஆளாச்சே" என்று ஒரு பெண் கண்ணீர்விட்டதை மூச்சக்கா கேட்டிருக்கிறாள்.

மார்க் போடுவது டாக்டர் வேலை. அவள் வேலை படம் எடுப்பது. ஆனால் அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. முதல் நாள் மேசை எந்த உயரத்தில் இருந்ததோ பத்தாம் நாளும் அதே உயரம். அதே கை வைப்பு. முக்கியமாக அதே மூச்சு. முழுசாக இழுத்துப் பிடித்த மூச்சில் எடுத்த படமும், விட்ட மூச்சில் எடுத்த படமும் ஒன்றில்லை. காற்று வெளியே போனால் நுரையீரல் சுருங்கும். சுருங்கினால் நோயே இல்லாத இடத்திலும் மூட்டம் போட்ட மாதிரி தெரியும். இருக்கிற மூட்டம் இரண்டு மடங்காகிவிடும். "மூணு படத்துக்கும் நடுவுல மாறினது நோய் மட்டும்தான்னு இருக்கணும். நாம மாறியிருக்கக் கூடாது" என்பாள்.

தப்பாகப் போய் மறுபடி எடுத்த படங்களுக்கென்று ஒரு நோட்டு உண்டு. ரிப்பீட் நோட்டு என்று பெயர். யார் எடுத்தது, என்ன காரணம் என்று எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நோயாளி உடம்பில் வீணாகக் கதிர் பாய்கிறது. பதினான்கு மாதமாக அதில் மூச்சக்கா பெயர் ஏறவில்லை. "உன் பக்கத்தைக் கிழிச்சு எனக்குக் குடுத்துடு, டீக்கடைப் பாக்கி எழுதிக்கறேன்" என்று சீஃப் சீண்டுவார். அவள் காதில் வாங்காத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும், ஏசி இல்லாமலே.

இந்த நிலைமையில்தான் பிரேக் மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன் மேலிருந்து மாஸ்டரின் கால் முப்பத்தைந்து வருஷமாக இறங்கியதே இல்லை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பேர் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடக் கற்றுக்கொண்டவர்கள். மூச்சக்காவும் அவர் மாணவிதான். ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். அதை வீட்டுக்காரரிடம் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள், அவருக்கு மூன்று தடவை ஆயிற்று.

முதல் நாள் ஸ்கேனில் எட்டு. நன்றாக மூச்சை இழுத்தார், படமும் கண்ணாடியாக வந்தது. முடிந்த பிறகு ஒரு பாட்டம் இருமி மேசையே ஆடியது. ஐந்தாம் நாள் பன்னிரண்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வந்தார். "எத்தனைம்மா?" என்று மார்க்கைக் கேட்டு, டாக்டர் போட்டதைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்.

பத்தாம் நாள் காலையில் தள்ளுநாற்காலியில் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் வாய் குறையவில்லை. "ஏம்மா, இன்னும் ரிவர்ஸ் எடுக்கறப்ப நாக்கைக் கடிச்சுக்கறியா?" என்றார். மேசையில் படுக்கவைத்தாள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவைத்தாள். வெளியே வந்து பொத்தானைத் தட்டினாள். அவள் குரலே உள்ளே, "மூச்சை நல்லா இழுங்க" என்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நெஞ்சு நன்றாக ஏறியது. படம் ஓடியது.

வழக்கமாக அவள் ஒவ்வொரு படத்தையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். அன்றைக்கு வாசலில் ஒரு விபத்துக் கேஸ், மண்டையில் ரத்தம், கூடவே ஆறு பேர் கூச்சல். நெஞ்சு ஏறினதைத்தான் பார்த்தோமே என்று மாஸ்டரின் படத்தை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிட்டு விபத்துக்காரரை உள்ளே எடுத்தாள். அதன் பின் இன்னும் நாலு பேர். பதினோரு மணிக்குத்தான் டீ குடிக்க வெளியே வந்தாள்.

நடைபாதை பெஞ்சில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்க், அதன் மேல் ஒரு காகிதம்.

"அவரை மேல ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போறாங்களாம்மா" என்றார். "மார்க் பதினேழு ஆயிடுச்சாம். குழாய் போட்டு மூச்சு மெஷின்ல வைக்கணுமாம். கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

மூச்சக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டிலிருந்து பதினேழு. காலையில் ரிவர்ஸ் கியரைப் பற்றிக் கிண்டலடித்த மனிதர்.

"அவரோட அண்ணன் அப்படித்தான் மேல போனார்" என்று அந்த அம்மா காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். "திரும்பி வரல. இவருக்கு அது மனசுல இருக்கு. எனக்கும் இருக்கு. டாக்டர் சொல்றாங்க, போட்டுத்தானே ஆகணும்? ஆனா பேனாவை எடுத்தா கை வர மாட்டேங்குது."

"போடத்தான் வேணும்னா போடுவோம்க்கா. ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள். டீ மறந்தே போயிற்று.

மூன்று நாள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். பத்தாம் நாள் படத்தில் நுரையீரல் முழுக்கச் சாம்பல் நிறம். யார் பார்த்தாலும் பதினேழுதான் போடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி மேலிருந்து ஓட்டினாள். கழுத்துக்குக் கீழே, மூச்சுக்குழாய் வரும் இடத்தில் அவள் விரல் நின்றது. முழு மூச்சை இழுத்துப் பிடித்தவருக்கு அந்தக் குழாய் வட்டமாகத் தெரியும். மூச்சை வெளியே விட்டவருக்கு அதன் பின்சுவர் உள்ளே வளைந்து பிறை மாதிரி ஆகிவிடும். முதல் நாள், வட்டம். ஐந்தாம் நாள், வட்டம். இன்றைக்கு, பிறை.

இந்தப் படம் விட்ட மூச்சில் எடுத்தது. எடுத்தது அவள். பார்க்காமல் அனுப்பியதும் அவள்.

சீஃப் பின்னால் வந்து நின்று, எட்டிப் பார்த்தார். பிறகு ரிப்பீட் நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவையும் கொடுத்தார். கிண்டல் ஒன்று வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அழுகையைக் கொண்டுவந்தது. தன் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில், "சரிபார்க்காமல் அனுப்பினேன்" என்று எழுதிவிட்டு டாக்டரைப் பார்க்க மாடிப்படி ஏறினாள்.

நெஞ்சு டாக்டர் சின்ன வயசுப் பெண். பத்து நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். மூச்சக்கா சொன்னதைப் பாதியில் வெட்டாமல் கேட்டார், படத்தைத் திறந்து பிறையையும் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான்க்கா. விட்ட மூச்சுதான். ஆனா ஏன் விட்டார்? பிடிக்க முடியாமத்தான் விட்டிருப்பார். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு தடவை மூச்சு வாங்கறார். நுரையீரல் விறைச்சுப் போனா இழுக்க வராது, இழுத்தாலும் நிக்காது. அப்ப இந்தப் படம் பொய்யா இருந்தாலும் ஆளோட நிலைமை உண்மைதானே?"

மூச்சக்கா மறுபடி பிறையைப் பார்த்தாள். அவர் மூச்சைப் பிடிக்கவில்லையா, பிடிக்க முடியவில்லையா? படத்தில் இரண்டும் ஒரே பிறைதான்.

"காத்திருந்து, அவசரத்துல குழாய் போடற நிலைமை வந்தா அது இன்னும் ஆபத்து" என்றார் டாக்டர். "தேவையில்லாதவருக்குப் போட்டாலும் ஆபத்துதான். எனக்கு ரெண்டும் வேண்டாம். மேல பெட் தயாராக ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவரால இழுத்துப் பிடிக்க முடியும்னா, குறைஞ்ச கதிர்ல இன்னொரு தடவை எடுங்க. நானே கீழ வர்றேன். முடியலைன்னா நேரா மேலதான்."

மூச்சக்கா மாஸ்கைச் சரிசெய்துகொண்டு வார்டுக்குப் போனாள். மாஸ்டர் ஜன்னலோரக் கட்டிலில், தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தார். சின்னச் சின்னதாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "என்னம்மா, பெயிலாக்கிட்டியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண்ணில் சிரிப்பில்லை.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மாஸ்டர், காலைல மூச்சை இழுத்தீங்களா?"

"இழுத்தேனே. நீதான் கண்ணாடில பாத்துட்டிருந்தியே."

"நெஞ்சு ஏறினதைப் பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. லைசென்ஸ் டெஸ்டுக்கு முதல் நாள் மாஸ்டர் எல்லோருக்கும் ஒன்று சொல்லிக்கொடுப்பார். நல்ல டிரைவர் கண்ணை மட்டும் ஓட்டிக் கண்ணாடியைப் பார்ப்பான், ஆனால் டெஸ்டில் அது பத்தாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்படி தலையை நன்றாகத் திருப்ப வேண்டும். பார்க்கிறாயோ இல்லையோ, தலை திரும்ப வேண்டும். அவள் ஒரே தடவையில் பாஸானதன் ரகசியமே அதுதான்.

"மாஸ்டர்" என்றாள் மெதுவாக. "இன்ஸ்பெக்டருக்குத் தெரியற மாதிரி இழுத்தீங்களா?"

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைச் சொறிந்தார். "மூச்சை விட்டுட்டு நெஞ்சை மட்டும் தூக்கினேன். வயித்தை எக்கினா நெஞ்சு தானா ஏறும். போலீஸ் வேலைக்குப் போற பசங்க அளவெடுக்கறப்ப பண்ணுவாங்க."

அவளுக்கு ஒரு பக்கம் அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. இன்னொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. "எதுக்கு மாஸ்டர்?"

"முதல் தடவை நல்லா இழுத்தேன், எட்டுன்னாங்க. ரெண்டாவது தடவையும் இழுத்தேன், பன்னெண்டு. இழுத்தா இருமல் வருது, இருமினா மார்க் ஏறுதுன்னு நெனச்சேன். இழுக்காம இருந்தா கொறையும்னு பாத்தேன்."

"கொறையல. அஞ்சு ஏறிடுச்சு."

"தெரியுது."

மூச்சக்கா எழப்போனாள். அவரால் இழுக்க முடிகிறது, வேண்டுமென்றேதான் செய்யவில்லை, முடிந்தது கதை என்று நினைத்தாள். ஆனால் மாஸ்டர் அவள் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டும் இல்லம்மா. நாலு நாளாவே நான் முழுசா இழுத்துப் பாக்கறதில்ல. பாதியோட நிறுத்திக்கறேன்." குரல் இறங்கிவிட்டது. "எங்கண்ணன் கடைசியில இழுத்து இழுத்துப் பாத்தார், வரல. நான் பக்கத்துல இருந்தேன். நானும் முழுசா இழுத்து, வரலைன்னு வச்சுக்கோ. அப்புறம் என்ன பண்றது? இழுக்காத வரைக்கும், உள்ள இருக்குன்னு நெனச்சுக்கலாம்ல?"

நாற்பது பேருக்குத் தினமும் மூச்சை இழுக்கச் சொல்கிறவள், அது இவ்வளவு பெரிய விஷயமாக ஒருவருக்கு இருக்கும் என்று பதினாறு வருஷத்தில் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது, நிச்சயமா வரும் மாஸ்டர், கவலைப்படாதீங்க என்று. ஆனால் வருமா என்று அவளுக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டாள்.

"கீழ வாங்க" என்றாள். "மெஷினை ஓட்டாம, சும்மா, ரெண்டு பேருமா இழுத்துப் பாப்போம்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நானே உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றேன். மேல போங்க, குழாய் போட்டுக்கோங்க. மூச்சு வராதவங்களுக்கு மூச்சு குடுக்கத்தான் அது இருக்கு. உங்க அண்ணனுக்கு உதவல, எத்தனையோ பேருக்கு உதவியிருக்கு. அவங்களையும் நான்தான் படம் எடுத்தேன், எனக்குத் தெரியும்."

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையை விலக்கினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே அந்த அம்மா இன்னும் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தள்ளுநாற்காலி கடந்துபோகும்போது கணவரின் கையை ஒரு தொடு தொட்டார், அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரும் சீஃப்பும் நின்றார்கள்.

மூச்சக்கா இந்தத் தடவை வெளியே போகவில்லை. மேசை பக்கத்திலேயே நின்று, அவர் வயிற்றில் உள்ளங்கையை லேசாக வைத்தாள். "மெஷின் ஓடல. என் கையைத் தள்ளுங்க, போதும்."

முதல் தடவை பாதி வந்ததும் அவரே நிறுத்திவிட்டார். கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. உடனே இருமல் பிடித்துக்கொண்டது. மேசை அதிர, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சுவாங்க இருமினார். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் கதவைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார். மூச்சக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். நாம் பிடிவாதம் பிடித்து இந்த மனிதரை ஏதாவது பண்ணிவிடப் போகிறோமா?

இருமல் அடங்கியது. விரல் நுனியில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் கருவி தொண்ணூற்றொன்று காட்டியது, பிறகு தொண்ணூற்று மூன்று. அவரே, "இரு, இரு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு விடைத்தது. அவள் கை மேலே போனது. இன்னும் போனது. நிற்கும் என்று அவள் நினைத்த இடத்தில் நிற்காமல், இன்னும் ஒரு விரற்கடை போனது.

"பிடிங்க" என்றாள். பிடித்தார். அவள் மனசுக்குள் எட்டு எண்ணினாள். "விடுங்க."

அவர் கண்ணைத் திறந்து மேற்கூரையைப் பார்த்தார்.

அடுத்தது படத்துக்காக. இந்தத் தடவை பதிவு செய்த குரலை அவள் போடவில்லை. மைக்கைக் கையில் பிடித்து, அவர் மூக்கையும் வாயையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே, தானே சொன்னாள். ஏழு விநாடியில் முடிந்தது.

படங்கள் திரையில் ஏறின. மூச்சுக்குழாய் வட்டம், அளவெடுத்து வரைந்த மாதிரி. அதற்குக் கீழே நுரையீரல் கறுப்பாக, அகலமாக விரிந்திருந்தது. ஐந்தாம் நாள் மூட்டமாக இருந்த இடங்களில் இப்போது மெல்லிய வெள்ளைக் கோடுகள். டாக்டர் நின்றுகொண்டே ஒவ்வொரு பகுதியாக எண்ணினார். ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"ஒம்பது" என்றார். "இறங்கிட்டிருக்கு. அவர் பயத்துலதான் மேலோட்டமா மூச்சு விட்டிருக்கார், நான் அதை நோய்ன்னு நெனச்சுட்டேன்." மாஸ்கைத் தாடைக்குத் தள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "மேல வேண்டாம். வார்டுலயே இருக்கட்டும். மூச்சுப் பயிற்சி ஆரம்பிங்க." அந்த அம்மாவிடம் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு மூடுவதற்குள் நடைபாதையில் பிளாஸ்க் உருளும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஓர் அழுகையும் கேட்டன. சீஃப் அவசரமாகத் தன் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

மூச்சக்கா உள்ளே போனாள். மாஸ்டர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடியே கிடந்தார். எடுத்தாயிற்று, கையை இறக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"ஒம்பது, மாஸ்டர். மேல போக வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். போன தடவை மார்க்கைக் கேட்டு உதட்டைப் பிதுக்கியவர், இப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அவளே கைகளை இறக்கிவிட்டு, எழுந்துகொள்ளத் தோளுக்குக் கீழே கை கொடுத்தாள். வாசலில் அடுத்த நோயாளியின் நாற்காலியைத் தள்ளி வந்தவர் கதவைத் தட்டினார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, இன்னும் ஒன்பது பேர் பாக்கி.

"கொஞ்சம் இரும்மா" என்றார் மாஸ்டர். "இன்னொண்ணு இழுத்துக்கறேன்."

கதவு மறுபடி தட்டப்பட்டது.

"ரெண்டு நிமிஷம்" என்று மூச்சக்கா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு அவர் பக்கத்தில் நின்று, "இழுங்க மாஸ்டர்" என்றாள். அவர் இழுத்தார், விட்டார், கேட்காமலே இன்னொன்று இழுத்தார்.